டீச்சர் போட்ட கதிரைகள்

கரைத்தீவு வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும்,

உங்களில் ஒருவனாகத்தான் இதை எழுதுகிறேன். என் கடைசி மகளை இந்த வருடம் தரம் ஒன்றில் சேர்த்தேன். அன்று காலை பாடசாலையில் கண்டது இன்னும் நெஞ்சை அறுத்துக்கொண்டிருக்கிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோபம் வந்தால் வரட்டும். கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

விடிய ஏழு மணிக்கே வாசலில் தோரணம் தொங்கியது. பச்சையும் மஞ்சளுமாய் வெட்டி ஒட்டிய கடதாசித் தோரணம். முந்தின நாள் பின்னேரம் டீச்சர் கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு, யாருடைய மோட்டார் சைக்கிளிலோ இருட்டுக்குள் வீட்டுக்குப் போனாராம். அப்படி இருந்து கட்டிய தோரணம் அது. தரம் இரண்டுப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடதாசி மாலை. போன வருடம் அழுதுகொண்டு உள்ளே போன அதே பிள்ளைகள்தான், இப்போது பெரிய மனிதர்கள் மாதிரி நின்று தம்பி தங்கைகளை வரவேற்கிறார்கள். டீச்சர் வாசற்படியில் குந்தியிருந்தார். ஆம், குந்தித்தான் இருந்தார். பிள்ளையின் கண்ணுக்கு நேரே தன் கண் வர வேண்டும் என்பதற்காக. உள்ளே வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயரைக் கேட்டார். ஒருமுறை கேட்ட பெயரை அவர் மறக்கவில்லை. என் மகள் என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். டீச்சர் அவளை இழுக்கவில்லை. "வாப்பாவும் உள்ள வரட்டும், நீங்களும் வாங்க" என்றார்.

வகுப்பறைக்குள் இரண்டு வரிசையாகக் கதிரை போட்டிருந்தது. முன்வரிசையில் சின்னக் கதிரை, பிள்ளைகளுக்கு. பின்வரிசையில் பெரிய கதிரை, நமக்கு. சின்னக் கதிரை எல்லாம் நிறைந்துவிட்டது. பெரிய கதிரையில் பாதிக்கு மேல் காலி.

நீங்கள் வராமலில்லை. வாசல் வரை வந்தீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டோவை நிறுத்தாமலே பிள்ளையை இறக்கிவிட்டுப் போனவர்கள் உண்டு. மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே "டீச்சர், பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. காக்காவின் கையில் பிள்ளையைக் கொடுத்து அனுப்பியவர்கள் உண்டு, அந்தக் காக்காவுக்கே எட்டு வயது. பிள்ளைக்குப் புதுச் சப்பாத்து இருந்தது, புதுப் புத்தகப் பை இருந்தது. பக்கத்தில் உட்கார வாப்பா இல்லை, உம்மா இல்லை.

டீச்சர் பேசினார். நீட்டிப் பேசவில்லை. இன்று முதல் இந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு பாடசாலை நாளும் தன்னோடு இருப்பார்கள் என்றார். "உங்கட பிள்ளைக்கு எதுக்குப் பயம், எத்தன மணிக்கு நித்திரை, எத சாப்பிடாது, வீட்டில என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க? இத மட்டும் எனக்குச் சொல்லுங்க. எழுத்த நான் சொல்லிக்கொடுக்கிறன்" என்றார். சொல்லிவிட்டுக் கொப்பியைத் திறந்து பேனையோடு காத்திருந்தார். வந்திருந்த நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் ஒரு உம்மம்மா எழுந்து, தன் பேரன் இடிமுழக்கத்துக்குப் பயப்படுவான் என்று சொன்னார். அந்தப் பிள்ளையின் உம்மா வெளிநாட்டில், வாப்பா கடலில். அன்றைக்கு அந்த வகுப்பில் தன் கடமையை முழுசாகச் செய்த பெரியவர் அந்த உம்மம்மா ஒருவர்தான்.

டீச்சரின் கொப்பியில் வராதவர்களின் பிள்ளைகளுக்கு நேரே வெறும் கோடு.

நம் ஊரைப் பற்றி வெளியில் சொன்னால் "காரைதீவா?" என்று கேட்பார்கள். விபுலாநந்த அடிகள் பிறந்த அம்பாறை மாவட்டத்துக் காரைதீவை நினைத்துக் கேட்பார்கள். இல்லை, புத்தளத்துக் கரைத்தீவு, வண்ணாத்திவில்லுப் பக்கம் என்று நாம் விளக்க வேண்டும். அந்த ஊர் ஒரு துறவிப் பேராசிரியரின் பெயரால் நாடு முழுக்கத் தெரிகிறது. 1892இல் அங்கே பிறந்த அந்தப் பிள்ளையையும் யாரோ ஒருவர் முதல் நாள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டிருப்பார். நம் ஊர் எதனால் தெரிகிறது? இறாலால், நண்டால். அது குறைவான தொழில் இல்லை. அந்தத் தொழிலில் வளர்ந்தவன் நான். இறாலும் நண்டும் மட்டுமே போதுமென்று நம் பிள்ளைகளின் சார்பில் நாம் முடிவெடுத்துவிட்டோமே, அதைத்தான் கேட்கிறேன்.

என் வீட்டுக் கதையை முதலில் சொல்கிறேன், அப்போதுதான் உங்களைக் கேட்க எனக்கு வாய் வரும். என் மூத்த மகன் தரம் ஒன்பதில் நின்றான். நிறுத்தியது நான்தான். களப்பில் இறால் நன்றாகப் பட்ட காலம். தோணியில் இன்னொரு கை இருந்தால் போதும் என்றிருந்தது. "ஒரு கிழமைக்கு வாடா" என்று கூட்டிக்கொண்டு போனேன். கிழமை மாதமானது. மாதம் போன பிறகு வகுப்பில் போய் உட்கார அவனுக்கு வெட்கம். பாடம் எங்கேயோ போய்விட்டது. அவனுக்குப் படித்துக்கொடுத்த சேர் இரண்டு முறை வீடு தேடி வந்தார். இரண்டு முறையும் நான் தேத்தண்ணி கொடுத்து, நன்றாகப் பேசி, அனுப்பிவைத்தேன். மகனை அனுப்பவில்லை.

இப்போது அவனுக்கு வயது இருபத்திமூன்று. கடலில் அவனை மாதிரி ஆள் கிடையாது. காற்று சோளகமா வாடையா என்று தோலில் பட்டாலே சொல்வான். ஆனால் போட்டுக்கு லைசன்ஸ் புதுப்பிக்க ஒரு படிவம் வந்தால் என்னிடம் கொண்டுவருகிறான். முதலாளி எழுதிக் கொடுக்கிற துண்டில் நிறுவை எவ்வளவு, கழித்தது எவ்வளவு, பழைய கடனில் போட்டது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்க அவனுக்கு வராது. "சரியா இருக்கும் வாப்பா" என்பான். சரியாகத்தான் இருக்குமோ என்னவோ. ஒருவன் தன் உழைப்பின் கணக்கைத் தானே பார்க்க முடியாமல் இருப்பது என்ன வாழ்க்கை? அந்த இறால் காசில் நான் என்ன வாங்கினேன் என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. அவன் இழந்தது மட்டும் ஒவ்வொரு நாளும் கண்முன் நிற்கிறது.

காக்காமாரே, நம் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. எஞ்சினைத் தூக்கி வீட்டுக் கோடிக்குள் வைத்துவிட்டு, துடுப்போடு போனவர்கள் நாம். அதற்கு முன்னால் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள். கொழும்புப் பிள்ளைகள் போனில் படித்தார்கள். நம் வீடுகளில் ஒரு போன் இருந்தால் அது வாப்பாவோடு கடலுக்குப் போனது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்து, கலா ஓயா பெருகி, மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது. இத்தனைக்கும் நடுவில் பிள்ளை படிப்பில் பின்தங்கினால் அது பிள்ளையின் குற்றமில்லை, நம் குற்றமும் இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு, எண்ணெய் விலை இறங்கிய பிறகு, பாடசாலை திறந்து டீச்சர் வாசலில் வந்து நின்ற பிறகும் பிள்ளை வீட்டில் இருந்தால், அது யாருடைய குற்றம்?

படிப்பிக்கக் காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த நாட்டில் அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் செய்துவிட்டுப் போன ஒரு மனிதர் இருந்தார். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. அரசாங்க சபையில் கல்வி அமைச்சராக இருந்து, செல்வர்களின் எதிர்ப்பையெல்லாம் தாங்கிக்கொண்டு, 1945 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்று ஆக்கினார். 1980இல் பாடப் புத்தகம் இலவசமானது. 1993இல் சீருடைத் துணி வந்தது. 2025இல் அஸ்வெசும உதவி எடுக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பி, பேனை வாங்க 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்த ஆறாயிரம் நம் வீட்டுக்குள் வந்து எதில் போனது என்று ஒவ்வொருவரும் தன் மனசைக் கேட்டுப் பாருங்கள்.

சமூகத்தின் பெயரைச் சொல்லியும் தப்ப முடியாது. முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலக் கல்வியை விட்டு ஒதுங்கி நின்ற காலத்தில் கண்டியிலிருந்து ஒரு சட்டத்தரணி, எம்.சி. சித்திலெப்பை, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி ஊர் ஊராக இதைத்தான் சொன்னார். 1892இல் கொழும்பு மருதானையில் வித்திட்ட பாடசாலைதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் அவர் வாப்பாமாரிடம் கெஞ்சியதை, இன்றைக்கு ஒரு தரம் ஒன்று டீச்சர் கரைத்தீவில் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்து கெஞ்ச வேண்டியிருக்கிறது. இது நமக்கு அழகா?

இன்னொன்றும் நினைவுபடுத்த வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். மன்னாரில் கடற்கரைக்கு வந்து வள்ளத்தில் ஏறிய சனம் கல்பிட்டிக் கரையில் இறங்கியது. கையில் ஒரு உடுப்புப் பொட்டலம், இல்லாவிட்டால் அதுவுமில்லை. நம்மில் பலருடைய மூத்தவர்கள் அவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள். புத்தளத்துப் பாடசாலைகளில் இடம் போதவில்லை. காலையில் ஊர்ப் பிள்ளைகளும் பின்னேரம் அகதிப் பிள்ளைகளுமாக ஒரே கட்டடத்தில் இரண்டு நேரம் பாடம் நடந்தது. முகாம்களில் ஓலைக் கொட்டகைக்குள், மணல் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். படிப்பித்த ஆசிரியர்களில் பலரும் அகதிகள்தான். வீட்டை விட்டு வந்தவர், சம்பளம் எங்கே போய் எடுப்பது என்று தெரியாதவர், ஒரு சோக்குத் துண்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்தார். அந்தக் கொட்டகைகளில் தொடங்கிய பிள்ளைகள் இன்று டாக்டராக, ஆசிரியராக, கச்சேரியில் அதிகாரியாக இருக்கிறார்கள். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எல்லாவற்றையும் இழந்த வாப்பாவும் உம்மாவும் முதலில் தேடியது பிள்ளைக்கு ஒரு பாடசாலையை. நமக்கு வீடு இருக்கிறது, களப்பு இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் பாடசாலை இருக்கிறது. நாம் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை.

ஒன்றுசேர நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கொழும்புக் குப்பையை அறுவைக்காட்டுக்குக் கொண்டுவரப் போகிறார்கள் என்றபோது, 2018இலும் 2019இலும் புத்தளம் எப்படி எழுந்தது? கடை பூட்டி, கறுப்புக் கொடி கட்டி, வீதியில் நின்றோமே. ஆணும் பெண்ணும் நின்றோம். நம் மண்ணுக்கு, நம் காற்றுக்கு, நம் களப்புக்கு ஆபத்து என்றவுடன் வேலை வெட்டியை விட்டு வந்த சனம், தன் பிள்ளையின் வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் வரத் தயங்குகிறது. அந்த அறுவைக்காட்டிலிருந்துதான் சுண்ணாம்புக்கல் ரயிலேறிப் புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போனதை நாம் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தோம். அங்கே பொறியியலாளர் கதிரையில் நம் ஊர்ப் பிள்ளை யார்? வில்பத்துக் காட்டின் அதிகாரியாக யார்? கடற்றொழில் திணைக்களத்து மேசைக்கு அந்தப் பக்கம் யார்? மேசைக்கு இந்தப் பக்கம் படிவத்தோடு நிற்பது மட்டும்தான் நம் பிள்ளைகளின் விதி என்று யார் எழுதினார்கள்?

பொம்புளைப் பிள்ளைகளின் விஷயத்தை மெதுவாகச் சொல்லப் பார்த்தேன். வரவில்லை, நேராகவே சொல்கிறேன். தரம் எட்டு, ஒன்பது வந்தவுடன் வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது. பெரிய பிள்ளை ஆகிவிட்டாள் என்கிறோம், மாப்பிள்ளை பேசுகிறோம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் வயதெல்லை ஒன்று வைக்கவில்லை என்பதை நம்மில் சிலர் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளை பதினாறு வயது வரை பாடசாலையில் இருக்க வேண்டும் என்று 2016இல் ஆக்கிய கட்டாயக் கல்வி ஒழுங்குவிதியை யாரும் பேசுவதில்லை. முன்பு அது பதினான்காக இருந்தது. சட்டம் ஒரு வயதைச் சொல்லவில்லை என்றால், வாப்பா சொல்லக் கூடாதா? "என் மகள் படித்து முடிக்கட்டும்" என்று சொல்ல வாப்பாவுக்கு யாருடைய அனுமதி வேண்டும்? நாளைக்கு அவளுடைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கப் போவது அவள்தான்.

இப்போது டீச்சரைப் பற்றி. நம் பகுதி கஷ்டப் பிரதேசம். யானை இறங்குகிற பாதை, மழை பெய்தால் மூடுகிற வீதி, பஸ் வந்தால் வந்தது. இங்கே நியமனம் கிடைத்தால் அநேகமாக எல்லோரும் இடமாற்றக் கடிதத்தை அன்றைக்கே எழுதத் தொடங்கிவிடுவார்கள் என்று நாம் குறை சொல்கிறோம். "இங்க யாரும் நிக்க மாட்டாங்க" என்கிறோம். நிற்பதற்கு நாம் என்ன செய்தோம்? வெளியூரிலிருந்து வந்த ஒரு இளம் பெண், பிள்ளைகளின் பெயரை ஒரே நாளில் பாடமாக்கிக்கொண்டவர். அவர் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? "டீச்சர்" என்றால் போதும் என்று விட்டுவிட்டோம். அவருக்கு ஒரு நேரம் மீன் கறி அனுப்பினோமா? மழை நாளில் பஸ் வரவில்லை என்றால் ஒரு மோட்டார் சைக்கிளை நம்மாக அனுப்பினோமா? பிள்ளை வீட்டில் வந்து "டீச்சர் அடிச்சாங்க" என்று சொன்னால் மட்டும் உடனே போகிறோம். அப்போது நேரம் கிடைக்கிறது. கேட்க வேண்டியதுதான், ஆனால் பிள்ளை முதன்முதல் தன் பெயரை எழுதிக்கொண்டு வந்த நாளில் ஏன் போகவில்லை?

யப்பானில் ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப் பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்கிற விழாவுக்கு வாப்பா, உம்மா இருவரும் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி உடுத்துப் போவார்கள். அது பணக்கார நாடு என்பீர்கள். அப்படியானால் பங்களாதேஷைப் பாருங்கள். நம்மைவிட ஏழ்மையும் வெள்ளமும் கண்ட நாடு. மாரி காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடசாலைக்குப் போக வழியில்லை என்று கண்டு, முகமது ரிஸ்வான் என்ற கட்டடக் கலைஞர் 2002இல் ஒரு வள்ளத்தையே வகுப்பறையாக்கினார். அந்த வள்ளம் ஆற்றோர ஊர்களுக்குப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி, படிப்பித்து, திரும்பக் கரையில் விடுகிறது. வள்ளம் நமக்குப் புதிதா? நமக்கு வள்ளத்தில் பாடசாலை கட்ட வேண்டிய தேவை இல்லை. வள்ளத்திலிருந்து பிள்ளையை இறக்கினால் போதும்.

அடுத்து, டியூஷன். தரம் ஐந்து புலமைப்பரிசில் வருடம் வந்தவுடன் கடன் பட்டாவது புத்தளத்துக்கு அனுப்புகிறோம். அந்த ஒரு வருடம் மட்டும் பிள்ளையின் பின்னால் ஓடுகிறோம். முதல் நான்கு வருடம் என்ன படித்தது என்று கேட்டதில்லை. பரீட்சை முடிந்து வெட்டுப்புள்ளி வரவில்லை என்றால் "மண்டையில ஏறாது" என்று பிள்ளையின் முகத்துக்கு முன்னாலேயே தீர்ப்புச் சொல்கிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? அத்திவாரம் தரம் ஒன்றில் போடுவது. அதைப் போடுகிறவர் உங்களிடம் ஒரு சதமும் கேட்காத அந்த டீச்சர்.

நாம் செய்ய வேண்டியது பெரிய விஷயமே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத வாப்பாவும் செய்யலாம். கடலிலிருந்து வந்து குளித்துவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் வைத்து, "இண்டைக்கு டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். கொப்பியைத் திறக்கச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாது என்பது பிள்ளைக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. வாப்பா பார்க்கிறார் என்பது அதற்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சோறு தின்னவைக்கக் கையில் போனைக் கொடுக்காதீர்கள். இரவு ஒன்பது மணிக்குள் படுக்கவையுங்கள். விடியப் பசியோடு அனுப்பாதீர்கள், ஒரு துண்டு ரொட்டியாவது சாப்பிட்டுப் போகட்டும். கல்யாண வீடு என்று மூன்று நாள், மருமகனின் ஊருக்கு என்று நான்கு நாள் பிள்ளையை நிறுத்தாதீர்கள். வாடி அடிக்கப் போகிற குடும்பங்கள் பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோகாமல் உம்மம்மாவிடம், மாமியிடம் விட்டுப் போங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் தனியாக விடுமுறை இருக்கிறது. அந்த விடுமுறை முடிந்து திறக்கிற முதல் கிழமையில் வகுப்பில் பாதிப் பேர் இருப்பதில்லை. பெருநாள் உடுப்பு பழசாகும் வரை வீட்டில் வைத்திருக்கிறோம். டீச்சர் அந்தக் கிழமையும் வந்து, இருக்கிற பத்துப் பேருக்குப் பாடம் நடத்திவிட்டு, மற்றவர்கள் வந்ததும் அதையே திரும்ப நடத்துகிறார்.

ஓதப்பள்ளிக்கு அனுப்புகிறோமே என்பார்கள் சிலர். அனுப்ப வேண்டும். லெப்பை ஓதிக்கொடுத்த முதல் எழுத்தையும் டீச்சர் எழுதிக்கொடுத்த முதல் எழுத்தையும் பிள்ளை ஒரே கையால்தான் எழுதுகிறது. இரண்டையும் போட்டிக்கு நிறுத்தியவர்கள் நாம்தான். பிள்ளைகளுக்கு அந்தச் சண்டையே தெரியாது.

முதல் நாள் முடிந்து வரும்போது என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளையைப் பற்றித்தான். "அவட வாப்பா ஏன் வரல்ல?" "கடலுக்குப் போயிருப்பார்" என்றேன். "இல்ல வாப்பா, ரோட்டில நிண்டவர், நான் கண்டன்" என்றாள். எனக்கு மறுமொழி வரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை பார்த்திருக்கிறது. அந்த வாப்பாவின் பிள்ளையும் பார்த்திருக்கும். பாடசாலை என்பது வாப்பா உள்ளே வருகிற அளவுக்குப் பெரிய இடமில்லை என்று அது அன்றைக்கே விளங்கிக்கொண்டிருக்கும். நாளைக்குத் தரம் ஒன்பதில் அது படிப்பை நிறுத்தும்போது நாம் அதிபரைக் குறை சொல்லுவோம், டீச்சரைக் குறை சொல்லுவோம், அரசாங்கத்தைக் குறை சொல்லுவோம்.

என் மூத்தவனுக்கு நான் செய்ததைத் திருத்த முடியாது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் போகட்டும் வாப்பா" என்றான். பிறகு அவனே தங்கையின் புத்தகங்களுக்கு உறை போட்டுக் கொடுத்தான், மூலை மடங்காமல், வலை முடிகிற அதே கையால். உறையின் மேல் அவள் பெயரை எழுதச் சொன்னபோது பேனையை என்னிடம் நீட்டினான்.

வருகிற புதன்கிழமை தரம் ஒன்று பெற்றோர் கூட்டம். பின்னேரம் இரண்டு மணிக்கு வைத்திருக்கிறார் டீச்சர். கடலுக்குப் போகிறவர்கள் வந்து, மீனைக் கொடுத்து, சாப்பிட்டு, கொஞ்சம் சாய்ந்து எழும்பி வர அந்த நேரம்தான் வசதி என்று விசாரித்துவிட்டு வைத்த நேரம் அது. அன்றைக்கு அவருக்குக் கடைசி பஸ் கிடைக்காது, தெரிந்துதான் வைத்திருக்கிறார். திரும்பிப் போக நான் மோட்டார் சைக்கிள் ஒழுங்கு செய்கிறேன். அந்தக் கொப்பியையும் கொண்டுவருவார். பிள்ளைக்கு ஒரு கதிரை என்று எண்ணி, அத்தனை பெரிய கதிரையும் போட்டிருப்பார். வாருங்கள், உள்ளே வந்து உட்காருங்கள். உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படும் என்று அவரிடம் சொல்லுங்கள்.